மேற்குப் பார்த்த கூடத்துக்கு ஷட்டரா, பிளைண்டா? (அல்பியோன், மொரீஷியஸ்)

அல்பியோன்_புதுவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அல்பியோனில் எங்கள் வீடு முடியும் தறுவாயில் இருக்கிறது. பூச்சு வேலை ஆயிற்று, அலுமினிய ஜன்னல்களும் பொருத்தியாகிவிட்டன. அடுத்தது மறைப்பு. அதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

மனைவிக்கு உள்பக்கம் வெள்ளைச் சட்டத்தில் அகலப் பட்டைகள் வைத்த ஷட்டர் வேண்டும். மாமனார், வெளிப்பக்கம் சுருண்டு இறங்கும் அலுமினிய ஷட்டரைத் தவிர வேறு பேச்சே எடுக்காதே என்கிறார். கடைக்காரரோ, "எல்லாவற்றுக்கும் பிளைண்ட் (உள்பக்கம் இறக்கி ஏற்றும் மறைப்பு) போடுங்கள், மிச்சமாகும் பணத்தில் ஏசி வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார்.

கூடம் மேற்குப் பார்த்தது. 3 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரத்தில் நகரும் கண்ணாடிக் கதவு. அதன் வழியாகக் கடல் தெரியும். படுக்கையறைகள் இரண்டும் தென்கிழக்கு. சமையலறை வடக்கு. குளியலறையில் நாக்கோ, அதாவது கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல். இரண்டு பிள்ளைகள், சின்னவள் இப்போதுதான் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். எல்லா ஜன்னலுக்கும் விலையுயர்ந்ததாகப் போடப் பணம் இல்லை. எதை முதலில் செய்வது?

மோக்கா_பொறியாளர் எழுதியது:

கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். மேற்கு வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்துங்கள். அப்புறம் ஏசி வேண்டுமா என்று யோசிக்கலாம்.

வெயில் கண்ணாடியைக் கடந்து வந்து பிளைண்டின் மேல் விழுந்தால், பிளைண்ட் சூடாகிறது. சூடானபின் அது வெளிவிடும் வெப்பம் நீண்ட அலைநீளம் கொண்டது. சாதாரணக் கண்ணாடி அதை வெளியே போக விடாது. ஆக, சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளை நிற பிளைண்டாக இருந்தால் ஒரு பங்கு வெயிலை வெளிச்சமாகவே திருப்பி அனுப்பும்; உள்பக்க பிளைண்டால் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். வெளியே இருக்கும் ஷட்டரும் சூடாகத்தான் செய்யும். ஆனால் அந்தச் சூட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

திசையையும் பாருங்கள். நாம் 20 டிகிரி தெற்கில் இருக்கிறோம். டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில், சற்றே தெற்குப் பக்கம் நிற்கும். ஜூனில் வடக்கே 46 டிகிரி உயரத்தில். உங்கள் சமையலறைக்குக் கோடையில் நேர் வெயில் குறைவு. குளிர்காலத்தில் வருவது வேண்டிய வெயில். அங்கே செலவு செய்யாதீர்கள். மேற்குதான் வில்லங்கம். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்குச் சூரியன் தாழ்ந்துவிடும். தலைக்கு மேல் எவ்வளவு சன்ஷேடு நீட்டியிருந்தாலும் அதன் அடியில் புகுந்து சோபா வரை வரும்.

கியூர்பிப்_குளிர் எழுதியது:

கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் மேலே இருக்கிறேன். எங்கள் ஊரில் வெயில் அடித்தால் அதுவே பேச்சு. ஆகவே வெயில் பற்றி எனக்குக் கருத்து இல்லை, ஈரத்தைப் பற்றி உண்டு.

துணி பிளைண்டை எப்போதும் இறக்கியே வைத்திருந்தால், கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே காற்று ஓடாமல் பூஞ்சை பிடிக்கும். முதலில் அடிவிளிம்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். துடைத்தால் மங்கும், அடுத்த மழைக்கு மீண்டும் வரும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் ஷட்டர் செய்து தருகிறார்கள், பெயின்ட் அடித்தால் அசல் மரம் என்றே தோன்றும். பெயின்ட் எங்கே உடைகிறதோ அங்கே நீர் குடித்து உப்பிவிடும். மழைச்சாரல் படும் ஜன்னலுக்கு அது வேண்டவே வேண்டாம்.

உங்கள் படுக்கையறைகள் தென்கிழக்கு என்றால், ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். நல்ல வரம், கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே துணியாகத் தொங்கும் ரோலர் பிளைண்டை இறக்கி ஜன்னலைத் திறந்தால், காற்றில் அடிக்கட்டை இரவெல்லாம் சுவரில் மோதும். பட்டை வைத்தது எதுவானாலும் நல்லது. பட்டையைச் சாய்த்தால் காற்றும் வரும், எதிர்வீட்டாருக்கும் தெரியாது.

ரோஸ்ஹில்_ஐயா எழுதியது:

தம்பி, மாமனார் சொல்வதைக் கேளுங்கள். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்தபோது நான் சிறுவன். மரச்சுவர், தகரக் கூரை வீடு. அப்பா எல்லா வோலேகளையும் (வெளிப்பக்க மர ஜன்னல் கதவுகளை) சாத்தி, உள்ளே குறுக்கே இரும்புக் கம்பியைச் செருகினார். புயலின் கண் தீவின் மேலேயே கடந்தது. காற்று நின்றதும் தெருவில் பாதிப்பேர் வெளியே வந்து கூரையைப் பார்த்தார்கள். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது. எங்கள் வீடு நின்றது. பின்வீட்டில் வோலே ஒன்று கீலோடு பிடுங்கிக்கொண்டு போனது, அதன் பிறகு கூரையும் போனது. கரோலுக்குப் பிறகுதான் தீவில் கான்கிரீட் வீடுகள் பெருகின. கான்கிரீட் வந்ததும் வோலேயை மறந்துவிட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். காற்று அடிக்காத பக்கத்தில் ஒரு ஜன்னலை மட்டும் சற்றுத் திறந்து வையுங்கள், வீட்டுக்குள் அழுத்தம் சேராது. எங்கள் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

மோக்கா_பொறியாளர் எழுதியது:

ஐயா, வோலே பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கடைசி ஆலோசனையில் மட்டும் பணிவோடு மாறுபடுகிறேன். எல்லா ஜன்னலையும் சாத்தியே வைக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய பொறியியல் முடிவு. காரணம் நீங்கள் சொன்ன அதே கதையில் இருக்கிறது: கண் கடந்ததும் திசை மாறும், காற்றில்லாத பக்கமே காற்று அடிக்கும் பக்கமாகும். திறந்து வைத்த ஜன்னல் வழியாகக் காற்று புகுந்தால் உள்ளிருந்து கூரையை மேலே தள்ளும். பின்வீட்டில் வோலே போனதும் கூரை போனது அதனால்தான்.

அல்பியோன் நண்பருக்கு, கொஞ்சம் கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நாலாம் புயல் எச்சரிக்கைக்கு அடையாளமான 120 கி.மீ. காற்று நேராக மோதினால் 670 பாஸ்கல் அளவு. கரோலில் பதிவானது மணிக்கு 256 கி.மீ., 1975இல் ஜெர்வேஸில் 280, 2002இல் டினாவில் 228. நடுவே 250 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 2,900 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 295 கிலோ. உங்கள் கூடத்துக் கதவு 6.6 சதுர மீட்டர். அதன் மேல் ஏறக்குறைய இரண்டு டன்.

இப்போது மாமனாரின் ஷட்டருக்கு வருவோம். சுருள் ஷட்டர்களுக்கு ஐரோப்பியத் தரநிலை, இஎன் 13659 என்று ஒன்று இருக்கிறது. காற்றைத் தாங்கும் திறனை அதில் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு என்றாலே 400 பாஸ்கல்தான். கடையில் "ஆறாம் வகுப்பு, புயலுக்கே போதும்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மெல்லிய தகட்டுக்குள் நுரை அடைத்த சாதாரணப் பட்டை, வெயிலுக்கும் திருடனுக்கும் நல்லது. புயலில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடுவே வளைந்து, ஓரத் தடத்திலிருந்து பட்டைகள் நழுவி வெளியே வந்துவிடும்.

அல்பியோன்_புதுவீடு எழுதியது:

மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். பதில் சொல்லாமல் தேநீர் குடித்தார். அப்படியானால் வெளி ஷட்டரே வீண் செலவா?

மோக்கா_பொறியாளர் எழுதியது:

வீண் இல்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். புயலுக்கென்றே செய்த சுருள் ஷட்டர் தனி வகை: தடித்த அலுமினியப் பட்டை, ஆழமான தடம், பட்டையின் இரு நுனியிலும் தடத்துக்குள் மாட்டிக்கொள்ளும் கொக்கி. அகலத்தைக் குறைப்பதும் முக்கியம். மூன்று மீட்டரை ஒரே ஷட்டராகப் போடாமல், நடுவில் கழற்றி மாட்டக்கூடிய கம்பம் ஒன்று வைத்து, ஒன்றரை மீட்டரில் இரண்டாகப் போடுங்கள். புயல் இல்லாத நாளில் கம்பத்தைக் கழற்றிவிட்டால் கடல் பார்வைக்கு இடைஞ்சல் இல்லை.

அழுத்தம் பாதிப் பிரச்சினைதான். பறந்து வரும் பொருள் மீதிப் பாதி. 1992இல் ஆண்ட்ரூ புயல் புளோரிடாவைக் கிழித்த பிறகு, அங்கே ஷட்டர்களைச் சோதிக்க 4 கிலோ எடையுள்ள மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அதன் மேல் எறிகிறார்கள். அப்படிப்பட்ட சோதனைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடியில் பெருக்கல் குறியாக டேப் ஒட்டுகிறார்களே, அதனால் ஒரு பயனும் கிடையாது. பசையைச் சுரண்டும் வேலைதான் மிச்சம்.

தமாரின்_முணுமுணுப்பு எழுதியது:

எல்லாரும் புயலையே பேசுகிறீர்கள். புயல் என்றோ ஒரு நாள் வருவது. உப்புக்காற்று தினமும் வருகிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு கடையில் "கடலோரத்துக்கேற்றது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அலுமினியம் நன்றாகத்தான் இருந்தது. திருகாணி சாதாரண இரும்பு. தலையெல்லாம் துருப்பிடித்து, வெள்ளைச் சுவரில் பழுப்புக் கோடு கோடாக வழிந்தது. உத்தரவாதத்தை நீட்டினால், "திருகாணி அதில் சேராது" என்றார்கள். திருகாணி இல்லாமல் ஷட்டரை எதைக் கொண்டு மாட்டுவதாம்?

316 வகை எவர்சில்வர் திருகாணி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதிலும் எவர்சில்வர் அலுமினியத்தை நேரடியாகத் தொட்டு நின்றால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். நடுவே நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள். தடத்தை மாதம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கழுவ மாட்டேன் என்பவர் கடலோரத்தில் ஷட்டர் போட வேண்டாம்.

அளவுநாடா எழுதியது:

பிளைண்ட், ஷட்டர் மாட்டுவதுதான் என் தொழில். தமாரின் அண்ணன் சொன்ன திருகாணி விஷயம் உண்மை. விற்பவர் ஒருவர், மாட்டுபவர் வேறொருவர் என்றால் இப்படித்தான் நடக்கும்.

கூடத்துக்கு உள்பக்கமும் ஒன்று வேண்டும். மாலையில் வெளி ஷட்டரை முழுக்க இறக்கினால் கடலும் போய்விடும், கூடமும் இருண்டுவிடும். கண்ணுக்குக் கூச்சம் தராமல் கடல் தெரிய, சன்ஸ்க்ரீன் வலைத்துணி ரோலர் போடுங்கள். துணியில் எத்தனை பங்கு துளை என்பதைச் சதவீதமாகச் சொல்வார்கள். மேற்குக்கு 3 சதவீதம் எடுங்கள். 5 என்றால் பார்வை இன்னும் தெளிவு, வெளிச்சமும் கூட வரும். வெளிர் துணியைவிடக் கருந்துணி வழியாகத்தான் வெளியே நன்றாகத் தெரியும். இது வாடிக்கையாளர் பலருக்குத் தெரியாது. வெள்ளைத் துணி வாங்கிவிட்டுக் கடல் மங்கலாக இருக்கிறது என்று தொலைபேசுவார்கள்.

இன்னொரு சங்கதி. பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது. இரவில் விளக்கு போட்டால் அப்படியே மாறிவிடும், தெருவில் போகிறவருக்கு உங்கள் சாப்பாட்டு மேசை தெரியும். இரவு மறைப்புக்கு வெளி ஷட்டரை இறக்கிக்கொள்ளலாம், அல்லது கூடவே சாதாரணத் திரை.

படுக்கையறையை இருட்டாக்க ரோலர் கேட்கிறவர்களுக்கு: ஜன்னல் குழிக்குள் மாட்டினால் இருபக்கமும் ஒரு விரல் இடைவெளியில் வெளிச்சம் கோடாக விழும். சுவரின் மேல், குழியைவிட அகலமாக மாட்டினால் அது குறையும்.

வெளிச் சுருள் ஷட்டரின் பெட்டிக்கு 15 முதல் 20 செ.மீ. உயரம் வேண்டும். லிண்டலுக்கு மேல் இடம் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பூச்சு முடிந்துவிட்டது என்கிறீர்கள். பெட்டி வெளிச்சுவரில் துருத்திக்கொண்டுதான் இருக்கும்.

இரட்டையர்_அம்மா எழுதியது:

சின்னவள் பிடித்து நிற்கப் பழகுகிறாள் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். ஒருவரும் கயிற்றைப் பற்றிப் பேசவில்லையே!

பிளைண்டின் இழுகயிறும் மணிச்சங்கிலியும் குழந்தையின் கழுத்தில் சுற்றி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. சத்தம்கூட வராது, பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது. ஐரோப்பிய விதிகளை 2014இல் இறுக்கினார்கள்: குழந்தைகள் இருக்கும் இடத்தில் தொங்கும் கயிறு தரையிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் முடிய வேண்டும், வளையச் சங்கிலியைச் சுவரில் இறுக்கிப் பிடிக்கும் கொக்கி பெட்டியிலேயே வர வேண்டும். அமெரிக்காவில் கடையில் தயாராக விற்கும் பிளைண்டுகளுக்கு 2018இலேயே கயிறில்லா முறைதான். நம் கடைகளில் பழைய சரக்கும் கிடக்கிறது. கட்டிலை ஜன்னல் ஓரம் போடாதீர்கள், அதில் ஏறித்தான் கயிற்றை எட்டுவார்கள்.

உங்கள் மனைவி கேட்கும் பட்டை ஷட்டரில் கயிறே கிடையாது. பட்டையைக் கையால் தள்ளினால் போதும். அவர் அழகுக்காகக் கேட்டாலும் பிள்ளைகளின் அறைக்கு அதுதான் சரி.

கியூர்பிப்_குளிர் எழுதியது:

அக்கா சொல்வதை வழிமொழிகிறேன். தென்கிழக்கு, காற்று, பிள்ளைகள் எல்லாம் ஒரே அறையில் சேர்கின்றன. பொருள் மட்டும் பிவிசி அல்லது அலுமினியமாக இருக்கட்டும். பிவிசி என்றால் சட்டத்துக்குள் அலுமினியக் கம்பி வைத்ததா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அகலமான கதவு தன் எடையிலேயே தொங்கிவிடும்.

ரோஸ்ஹில்_ஐயா எழுதியது:

உள்ளே மாட்டும் ஷட்டர் புயலுக்கு என்ன செய்யும்? மோக்காவில் 1830இல் கட்டிய யுரேக்கா வீட்டைப் போய்ப் பாருங்கள், 109 கதவுகள் என்பார்கள். காற்றும் வேண்டும், காவலும் வேண்டும் என்று யோசித்துக் கட்டியவர்கள். உள்ளே மாட்டிய பட்டை, கண்ணாடி உடைந்தபின் பட்டையாகவே மிஞ்சாது.

மோக்கா_பொறியாளர் எழுதியது:

உண்மை ஐயா. உள் ஷட்டரைப் புயல் காவலாகக் கணக்கிடவே கூடாது. தென்கிழக்கு அறைகளுக்குக் கழற்றி மாட்டும் புயல் தகடு செய்து வைக்கலாம். நெளிவு போட்ட கால்வனைஸ் தகடோ அலுமினியத் தகடோ. சுவரில் ஆங்கர்களை (தகட்டைத் திருகிப் பிடிக்கும் உலோகப் பிடிகளை) இப்போதே பதித்து மூடி போட்டுவிடுங்கள், தகட்டில் எந்த ஜன்னல் என்று பெயின்டால் எழுதுங்கள். பார்க்க அசிங்கம், ஆனால் சுருள் ஷட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மாட்டும் நேரம்தான் பலருக்குத் தவறுகிறது. 120 கி.மீ. காற்று வருமுன் 36 முதல் 48 மணி நேரத்தில் முதல் எச்சரிக்கை வரும். அப்போதே மாட்டிவிட வேண்டும். மூன்றாம் எச்சரிக்கையில் ஏணி ஏறுபவருக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை.

பிளாக்_மூன்றாம்மாடி எழுதியது:

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெளிப்பக்கம் எதையும் மாட்டுமுன் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் கட்டடத்தில் முகப்பு நிறம் மாறக் கூடாதென்று ஷட்டரையே கழற்றச் சொன்னார்கள். நான் தேன்கூடு மடிப்புள்ள பிளைண்டுக்கு மாறினேன். அந்தத் தேன்கூட்டுக் கண்களில் அடைபடும் காற்று ஓரளவு சூட்டைத் தடுக்கிறது, வெளி ஷட்டருக்கு ஈடாகாது.

அல்பியோன்_புதுவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு மூவரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். கூடத்துக்கு இரண்டு துண்டாக வெளிச் சுருள் ஷட்டர், நடுக்கம்பத்தோடு, புயல் வகை. உள்ளே 3 சதவீதக் கருந்துணி. படுக்கையறைகளுக்கு மனைவி கேட்ட பட்டை ஷட்டர், வெளியே தகட்டுக்கு ஆங்கர். சமையலறைக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. குளியலறை நாக்கோவுக்குப் பால்கண்ணாடி போதும். ஏசியைத் தள்ளிப்போட்டோம், கடைக்காரருக்கு வருத்தம்.

இரண்டு கேள்வி. ஷட்டருக்கு மோட்டார் வைக்கலாமா? இன்னொன்று: படுக்கையறை ஜன்னல்களில் ஆன்டிவோல் கம்பி (திருடர் நுழையாமல் தடுக்கும் கம்பி) உள்பக்கம் இருக்கிறது. கம்பிக்கும் சுவரின் உள்விளிம்புக்கும் 60 மி.மீ. கடையில் 89 மி.மீ. பட்டைதான் அழகு என்கிறார்கள். இடிக்குமா?

அளவுநாடா எழுதியது:

மோட்டார் வைக்கலாம், கையால் சுழற்றும் கைப்பிடியும் சேர்ந்திருந்தால் மட்டும். புயலன்று முதலில் போவது மின்சாரம். ஷட்டர் இறங்கியபடி மின்சாரம் இல்லாமல், சமையலறையில் தீப்பிடித்தால் அந்தக் கதவு வழியாகத்தான் நீங்கள் வெளியேற வேண்டியிருக்கும். கைப்பிடி உள்பக்கம், பெரிய பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் இருக்கட்டும். ஆர்டரை இப்போதே கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் சரக்கு. நவம்பரில் புயல் காலம் தொடங்கினால் எங்களைப் பிடிக்க முடியாது.

பட்டை: ஷட்டர் கதவின் கனம் 27 மி.மீ. அளவில் இருக்கும். சுவர் விளிம்போடு சமமாக மாட்டினால் அதன் நடுக்கோடு 14 மி.மீ. உள்ளே. 89 மி.மீ. பட்டை கிடைமட்டமாகத் திரும்பும்போது பாதி, அதாவது 45 மி.மீ., கம்பிப் பக்கம் நீளும். மொத்தம் 59. உங்களிடம் 60. பூச்சு ஒரு நூல் முன்பின் இருந்தால் கம்பியில் உரசும், பெயின்ட் போகும். 63 மி.மீ. பட்டை எடுத்தால் மொத்தம் 46, தாராளம். 89தான் வேண்டும் என்றால் குழிக்குள் மாட்டாமல், அறைப்பக்கம் சுவரின் மேல் சட்டம் அடித்து மாட்டலாம். அறைக்குள் சற்றுத் துருத்தும், அவ்வளவுதான்.

அளவு எடுக்கும்போது ஒவ்வொரு ஜன்னலிலும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் எடுங்கள், இரண்டு மூலைவிட்டத்தையும் சேர்த்து. கிடைப்பதில் மிகக் குறைந்த அளவை எழுதுங்கள், சராசரி போடாதீர்கள். கொசுவலைச் சட்டம் பிறகு வைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், அது கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே போக வேண்டும்.